சித்தூருக்கு மாற்றல்

நான் புத்தூர்க்காரன் என்று தெரிந்தவுடன் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே கேலிதான் வரும். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற ஊராயிற்றே, நீ கம்ப்யூட்டருக்குக் கட்டுப் போடுகிறாயா என்பார்கள். முதல் வருஷம் நானும் சேர்ந்து சிரித்தேன். பதினான்கு வருஷமாகிறது, இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பதியில் இருக்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயரே கிடையாது. சிஸ்டம் சார், அவ்வளவுதான். மவுஸ் நகராவிட்டாலும் சிஸ்டம் சார், மின்விசிறி சுற்றாவிட்டாலும் சிஸ்டம் சார்.

என்னுடைய உண்மையான வேலை யார் கண்ணிலும் படாதது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவேட்டை டைரக்டரி என்போம். ஆளின் பெயர், எம்ப்ளாயி நம்பர், எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். லேப் குரூப்பில் இருப்பவர் ரிசல்ட் அடிக்கலாம். பார்மசி குரூப்பில் இருப்பவர் மருந்து ஸ்டாக் பார்க்கலாம். குரூப்பில் இல்லாதவர் பெரிய டாக்டராகவே இருந்தாலும் திரை அவரை உள்ளே விடாது. இதைச் சொன்னால் பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வரும். நான் என்ன செய்வது, திரைக்கு அவர்கள் யாரென்று தெரியாது.

அந்த அம்மா வேலைக்கு வந்தது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நாட்களில். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் ரெக்கார்டு செக்‌ஷனில் பதினோரு வருஷம் இருந்தவர். டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை ஸ்கேன் பண்ணி, வியாதிக்கு உரிய எண்ணைப் போட்டு, ரெக்கார்டு ஃபோல்டரில் ஏற்றுகிற வேலை. சத்தமில்லாத மனிதர். பதினோரு வருஷத்தில் எனக்கு இரண்டே முறைதான் போன் பண்ணியிருப்பார், இரண்டு முறையும் பிரின்டருக்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடமாலபேட்டையில் தன் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நிர்வாகம் நல்ல மனசோடு அந்த நாற்காலியை அவர் மனைவிக்குக் கொடுத்தது. ஆனால் ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். தினமும் எத்தனை கேஸ் ஷீட் ஏற்றினார் என்று செக்‌ஷன் சூப்பிரண்டு மாதாமாதம் சித்தூரில் இருக்கிற தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஆறாவது மாதம் அவர்களுக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகள் புத்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு எதுவும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சேர்ந்த மறுநாளே எனக்குப் போன் வந்தது. ஃபோல்டர் திறக்கவில்லை, அனுமதி இல்லை என்று வருகிறது. போய்ப் பார்த்தேன். ரெக்கார்டு குரூப்பில் அவர் பெயர் இருந்தது. அப்படியானால் திறக்க வேண்டும். லாக் ஆஃப் பண்ணி மறுபடி உள்ளே வரச் சொன்னேன். யாரையாவது குரூப்பில் சேர்த்தால், அவர் அடுத்த முறை லாகின் செய்யும்போதுதான் அது கணக்கில் வரும். உலகத்தில் இருக்கிற எல்லா சிஸ்டம் சார்களும் முதலில் சொல்லுகிற மந்திரம் அது. பலிக்கவில்லை.

என் அறைக்கு வந்து அவர் பதிவை அலசினேன். ரெக்கார்டு குரூப்போடு இன்னொரு குரூப்பிலும் அவர் இருந்தார். வேலையை விட்டுப் போனவர்களைப் போட்டு வைக்கிற குரூப் அது. அதில் ஒருவர் இருந்தால், வேறு எந்த குரூப்பில் இருந்தாலும் பயனில்லை, எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். நேற்றுச் சேர்ந்தவர் அதற்குள் எப்படி விட்டுப் போனவர் ஆனார் என்று யோசிக்கக்கூட இல்லை. ஏதோ என் கை தவறியிருக்கும் என்று அவரை அதிலிருந்து எடுத்துவிட்டேன். ஃபோல்டர் திறந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை மறுபடி போன். பதிவைப் பார்த்தால், விட்டுப் போனவர்களோடு அவரும் உட்கார்ந்திருக்கிறார். எடுத்துவிட்டேன், திறந்தது. அதற்கு மறுநாளும் அதே கதை. அந்த வாரம் முழுவதும் இப்படியே போனது. நான் ஒன்பதரைக்குத்தான் வருவேன். வந்து, என் மேஜையில் குவிந்திருக்கிற மற்றப் புகார்களைத் தாண்டி இதைச் சரி செய்வதற்குள் பதினொன்று ஆகிவிடும். அதுவரை அவர் ஸ்கேனர் பக்கத்தில் கேஸ் ஷீட் கட்டுகளை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கிக்கொண்டு இருப்பார்.

"நேத்து தொறந்துச்சி சார், இன்னிக்கி மாட்டேங்குது. நான் ஒண்ணுமே தொடல சார்" என்பார். தெரியும்மா, தெரியும்மா என்பேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

செக்‌ஷன் சூப்பிரண்டு கெட்ட மனிதர் இல்லை. ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிற தெலுங்குக்காரர். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இல்லாத தெய்வம் இல்லை. திங்கட்கிழமை முதல் கேஸ் ஷீட்டை ராசியான கைதான் ஏற்ற வேண்டும் என்பது அவர் செக்‌ஷனில் வழக்கம். எங்கள் பக்கத்தில் இதற்கு சென்டிமென்ட் என்று பெயர். மார்க்கெட்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் சென்டிமென்ட் இல்லாத இடம் கிடையாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாவம், அந்தப் பெண்ணுக்குக் கை சரியில்லை போலிருக்கிறது, புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லையே என்றார். கருணையோடுதான் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. சர்வரில் பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த வாரம் போனபோது, அந்த அம்மா பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தன் பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கைதான் சார் சரியில்ல. எதத் தொட்டாலும் இப்டிதான் ஆவுது" என்றார். இத்தனைக்கும் நாற்பது வயதில் கம்ப்யூட்டரைத் தொட்டவர், இரண்டு வாரத்துக்குள் மற்றவர்களைவிட வேகமாக ஏற்றிக்கொண்டிருந்தார், திறந்திருக்கிற நேரங்களில்.

அன்றைக்கு வேறு எந்தப் போனையும் எடுக்காமல் உட்கார்ந்தேன். டைரக்டரியில் யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு பதிவு இருக்கும். அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம், வேறென்ன. தினமும் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவர் அந்த குரூப்புக்குள் தள்ளப்பட்டிருந்தார். தள்ளியது மனிதக் கை இல்லை. சித்தூர் ஆபீசின் ஹெச்.ஆர். சாப்ட்வேர் தினமும் அந்த நேரத்துக்கு ஊழியர் பட்டியலை எங்கள் சர்வருக்கு அனுப்பும். யார் விலகினார், யார் சஸ்பென்ட் ஆனார் என்று பார்த்து டைரக்டரியைத் தானே திருத்திக்கொள்ளும். அந்தப் பட்டியலில் அவருடைய எம்ப்ளாயி நம்பரைத் தேடினேன். பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. மரணம். அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

புரிந்தது. இதில் என் பங்கும் இருந்தது. அந்த அம்மா சேர்ந்த அன்று எங்கள் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அதே போஸ்ட்தானே, அதே நாற்காலிதானே, அதே நம்பர் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் நம்பர் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்குத்தான். அப்பா இடத்தில் மகன், புருஷன் இடத்தில் மனைவி என்று வந்தால் வீட்டைப் போல நம்பரும் கைமாறும். எனக்கும் அது வசதியாக இருந்தது. புதிதாக ஒரு பதிவு உண்டாக்குவதைவிட, வீட்டுக்காரரின் பழைய பதிவில் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பெயரை மாற்றினால் ஆளே மாறிவிட்டார் என்று நாம் நினைக்கிறோம். டைரக்டரிக்குப் பெயர் என்பது சட்டை மாதிரி. உள்ளே இருப்பவர் பழைய ஆள்தான். அந்தப் பழைய ஆள் இறந்துவிட்டார் என்று தினமும் காலையில் சித்தூரிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது.

சரி, தெரிந்துவிட்டதே, இனி என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அங்கிருந்துதான் கஷ்டமே ஆரம்பித்தது.

சித்தூர் ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்குப் போன் போட்டேன். அந்த அம்மாவுக்குப் புது நம்பர் கொடுங்கள் என்றேன். காலியிடம் இருந்தால்தான் புது நம்பர் உண்டாகும் என்றார். அவர் உட்கார்ந்திருக்கிற இடமே காலியிடம்தானே என்றேன். அதில்தான் ஆள் உட்கார்ந்துவிட்டாரே, அப்புறம் எப்படிக் காலி என்றார். அப்படியானால் மரணம் என்பதையாவது எடுங்கள் என்றேன். இறந்தவரை இறக்கவில்லை என்று நான் எப்படிப் போடுவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமாகவும் இருந்தது. சாப்ட்வேர் கம்பெனிக்கு எழுதினேன். நீங்கள் சொன்ன விதிப்படியே சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது என்று பதில் எழுதி, என் புகாரை முடிந்தது என்று மூடிவிட்டார்கள். நம்பரே இல்லாமல் ஒரு பதிவு போட்டுப் பார்த்தேன். நம்பர் இல்லாத ஆளை ஆறு பத்துக்கு சிஸ்டம் முழுசாகவே அழித்துவிட்டது.

ஆறு பத்துக்கு அது தள்ளினால் ஆறே காலுக்குத் தானாக வெளியே எடுக்கிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தேன். நான்கு நாள் நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் நாள் சித்தூரிலிருந்து எச்சரிக்கைக் கடிதம். விலகியவர்களின் பட்டியலிலிருந்து ஒருவரைத் தானியங்கி முறையில் மீட்பது பாதுகாப்பு விதிக்கு விரோதம், இன்னொரு முறை நடந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். கையால் எடுத்தால் அது பராமரிப்பாம், தானாக நடந்தால் குற்றமாம். ஆகட்டும், கையாலேயே எடுக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அதிலிருந்து நான் புத்தூரில் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன். ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரி. மற்றவர்கள் வருவதற்குள் சர்வரைத் திறந்து, அந்த அம்மாவை அந்த குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அவர் ஒன்பது மணிக்கு வந்து லாகின் செய்யும்போது எல்லாம் திறந்திருக்கும். வீட்டில் என் மனைவி, குளித்துவிட்டு இருட்டோடு கிளம்புகிறவனைப் பார்த்து, மலையில பூசை உங்களுக்குத்தான் கொடுத்திருக்காங்களா என்று கேட்டாள். பூசைதான், தினமும் ஒருவரை உயிரோடு எழுப்பி உட்கார வைக்கிற பூசை. சாயந்திரம் போகும்போது நாளைக்கு மறுபடி தள்ளிவிடும் என்று தெரியும். ஒரு வேலையைச் செய்து முடித்தோம் என்கிற எண்ணமே எனக்கு இல்லாமல் போயிற்று.

தை மாதம் எனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் படுத்துக்கிடந்தேன். எங்கள் சர்வரை வீட்டிலிருந்து தொட அனுமதி கிடையாது. வேறு யாருக்கும் அந்த உரிமையும் கிடையாது. அந்த நான்கு நாளும் அந்த அம்மா ஏற்றிய கேஸ் ஷீட் பூஜ்யம். அந்த மாத அறிக்கையில் சூப்பிரண்டு வேலை திருப்திகரமாக இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். காய்ச்சல் விட்டு வந்து கேட்டேன். எண்ணை எண்ணாகத்தானே எழுத முடியும் என்றார். அவரும் சரிதான். அந்த விஷயத்தில் எல்லோரும் சரியாகத்தான் இருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனிமேல் அந்த அம்மாவிடம் மறைப்பது தப்பு என்று தோன்றியது. இத்தனை நாள், சர்வரில் சின்னக் கோளாறு என்று சொல்லித் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செக்‌ஷனில் யாரும் இல்லாதபோது போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்க நம்பரு அவரோட நம்பர்மா. சித்தூர்ல அந்த நம்பரு எறந்துட்டதா கீது. தெனம் காலைல சிஸ்டம் அத்தப் படிச்சிட்டு உங்களத் தள்ளிடுது. நான் வந்து எடுத்து விடறேன். அதான் நடந்துக்கினு கீது."

அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எங்கையில ஒண்ணும் கோளாறு இல்லியா சார்?"

இல்லம்மா என்றேன். மறுநாளிலிருந்து பாஸ்வேர்டை அவரே அடித்தார். மூன்று மாதமாக அந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு வடமாலபேட்டை பஸ்ஸில் வந்து போயிருக்கிறார். எனக்குத் தெரிந்த அன்றே சொல்லியிருந்தால் நின்றிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

நான்காவது மாதம் சித்தூர் ஹெட் கிளார்க்கே எனக்குப் போன் பண்ணினார். நான் வாரம் தவறாமல் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்ததில் மனுஷனுக்கும் இது உறுத்த ஆரம்பித்திருந்தது. அவர் திரையில் ஒரு நம்பர் நின்றுபோனதற்கு ஐந்து காரணங்கள்தான் உண்டு என்றார். ராஜினாமா, ஓய்வு, நீக்கம், மரணம், மாற்றல். முதல் நான்கில் எதைப் போட்டாலும் சிஸ்டம் ஆளை வெளியே தள்ளிவிடும். மாற்றல் என்று போட்டால் மட்டும் தள்ளாது, ஏனென்றால் மாற்றலாகிப் போனவர் வேலையில் இருப்பவர்தான். மரணம் என்பதை எடுத்துவிட்டு, திருப்பதியிலிருந்து சித்தூருக்கு மாற்றல் என்று போட்டுவிடுகிறேன், உங்கள் பிரச்சினை தீர்ந்தது என்றார். ஆனால் இறந்ததாக ஏற்றியதை மாற்ற வேண்டுமானால் குடும்பத்தாரின் கையெழுத்து ஒன்று வேண்டும்.

இதைப் போய் எப்படிச் சொல்வது. சுற்றி வளைத்து, இது சும்மா கம்ப்யூட்டருக்காக, வேறு எந்தக் காகிதத்திலும் வராது என்றெல்லாம் சொல்லி முடித்தேன். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், எந்த ஊருக்கு மாற்றல் என்று. சித்தூருக்கு என்றேன்.

"சித்தூருதான சார். பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். போடச் சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பதறிக்கொண்டு போய்ப் பார்த்தேன். விட்டுப் போனவர்களின் குரூப்பில் அவர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் பழையபடி ஒன்பதரைக்கு வர ஆரம்பித்தேன். அந்த அம்மா எதையோ பிடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி கேஸ் ஷீட் ஏற்றினார். சூப்பிரண்டு ஒரு திங்கட்கிழமை அவரையே முதல் ஷீட்டை ஏற்றச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வடமாலபேட்டை வழியாகப் போகிற வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது, அவர் அதில் ஏறாமல் சித்தூர் வண்டிகள் வந்து நிற்கிற பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி போகுதும்மா என்றேன். போவுது சார், அடுத்ததுல போறேன் என்றார். அவர் அங்கே எதற்கு நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஐந்தாவது மாதம் முடிந்த கையோடு அவர் கையில் ஒரு கவரோடு என் அறைக்கு வந்தார். வீட்டுக்கு வந்த ரிஜிஸ்டர் தபால். அவர் வீட்டுக்காரர் பெயருக்கு வந்திருந்தது. சித்தூருக்கு மாற்றப்பட்ட தாங்கள் இன்று வரை அங்கே பணியில் சேரவில்லை, அதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும், தவறினால் பணியிலிருந்து நீக்கப்படுவீர்கள். யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை. மாற்றலாகி முப்பது நாள் சேராதவர்களுக்கு சாப்ட்வேர் தானே அச்சடித்து அனுப்புகிற மெமோ. நீக்கம் என்று ஏறினால் அந்த நம்பர் மறுபடி விட்டுப் போனவர்களோடு போய் விழும். நிரந்தரமாக்குகிற முடிவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஹெட் கிளார்க் லீவில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அந்த அம்மா என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அங்கேயே நின்றபடி தெலுங்கில் எழுத ஆரம்பித்தார். சித்தூர் ஆபீசில் தெலுங்குதான் ஓடும். எழுதி முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

"அவரால வர முடியாதுங்க. அவரு எடத்துல நான்தான் தெனமும் வந்துக்கினு கீறேன்னு எழுதியிருக்கறேன் சார். போதுமா?"

போதும் என்றேன். ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஹெட் கிளார்க் லீவு முடிந்து வந்து படித்திருக்கிறார். மூன்றாம் நாள் போன் பண்ணினார். ஒரு வழி இருக்கிறது, இத்தனை நாள் தோன்றாமல் போய்விட்டது என்றார். மாற்றல் என்று போட்டதால் திருப்பதியில் அந்த நாற்காலி கணக்குப்படி காலியாகிவிட்டது. காலியிடம் வந்துவிட்டதால் அந்த அம்மாவுக்கு அவர் பெயரிலேயே புது நம்பர் கொடுக்கலாம். இன்றைக்கே கொடுத்துவிடலாம். மூன்றாவது மாத அறிக்கையைப் பற்றியும் தானே குறிப்பு எழுதி வைப்பதாகச் சொன்னார், இனி அவருக்கு வேலை போகாது. ஒன்றே ஒன்று பாக்கி. சித்தூரில் சேராமல் நிற்கிற பழைய நம்பரை மூட வேண்டும். நீக்கம் என்று மூட அவருக்கு மனம் வரவில்லை. மரணம் என்றுதான் போட வேண்டும், அதற்கு மறுபடி குடும்பத்தார் கையெழுத்து வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது அவர் தயங்கினார்.

அந்தப் படிவத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். புது நம்பர் வந்துவிட்டது, இனி உங்களை யாரும் தள்ள முடியாது, வேலை உங்களுடையது என்றேன். அந்த அம்மா படிவத்தை வாங்கிப் படித்தார். எதற்கென்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனாவைத் திறந்தார். மொதல்ல, அவரு போன அன்னிக்கி, ஆஸ்பத்திரில கையெழுத்து கேட்டப்ப எதுக்குன்னே தெரியாம போட்டேன் சார், இப்ப தெரிஞ்சி போடறேன் என்று மெதுவாகச் சொன்னார். போட்டார்.

தேதிக் கட்டத்தில் அவர் பேனா நின்றது. அது அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், நான் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

"எந்தத் தேதி போடறது சார்? அன்னிக்கித் தேதியா, இன்னிக்கித் தேதியா?"

மாற்றலாகிப் போன ஒருவர் மாற்றலுக்கு முன்னாலேயே இறந்திருக்க முடியாது. பழைய தேதியைப் போட்டால் சாப்ட்வேர் ஏற்காது. ஹெட் கிளார்க் தயங்கித் தயங்கிச் சொன்னது அதைத்தான். பதினான்கு வருஷமாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி ஒன்றை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னிக்கித் தேதிதாம்மா" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதி, தாளை என்னிடம் கொடுத்தார். பிறகு மேஜை மேல் இருந்த கேஸ் ஷீட்டுகளை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு அரை நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டார். சூப்பிரண்டிடம் நானே போய்ச் சொன்னேன்.